பழைய ஏர் பிஸ்டலை மீட்டெடுப்பது: முதல்முறை கையில் எடுப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

பரணில் தாத்தாவின் தகரப்பெட்டியிலிருந்தோ, பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்தோ, தங்கவயல் உறவினர் வீட்டைக் காலி செய்யும்போதோ ஒரு பழைய ஏர் பிஸ்டல் கைக்கு வருகிறது. துருப்பிடித்திருக்கும், காற்று பிடிக்காது, கைப்பிடி ஆடும். வாங்கிய அன்று மாலையே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். மறுவாரம் அல்சூரில் என் மேஜைக்கு வரும்போது பிஸ்டல் பளபளவென்று இருக்கிறது. ஆனால் எழுத்துகள் அழிந்து, ஸ்க்ரூ தலைகள் கிழிந்து, உள்ளே தோல் வாஷர் தூளாகிக் கிடக்கிறது.

இந்த வேலையில் கைத்திறனைவிட வரிசை முக்கியம். திரும்பப் பெற முடியாத எதையும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் காற்று, பிறகு இயக்கம், கடைசியில் தோற்றம். நான் சொல்லப்போவது பாரலை முறித்து (அதாவது கீலில் மடக்கி) ஸ்பிரிங்கை இழுக்கும், தோல் வாஷர் வைத்த 4.5 மி.மீ. பிஸ்டலுக்கு. பாரல் மேலே தூக்கும் பழைய வெப்லி வகையில் பாகங்களின் திசை மாறும், ஆனால் வரிசை இதேதான்.

1. கையிலிருப்பது ஏர் பிஸ்டல்தானா?

எண்ணெய் டப்பாவைத் திறப்பதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பாரலை முறித்துப் பாருங்கள். ஏர் பிஸ்டலில் பாரலின் பின்வாயில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை மட்டுமே இருக்கும். அதற்கு எதிரே சிலிண்டர் முகத்தில் அதைவிடச் சிறிய காற்றுத்துளை. தோட்டா உட்காரும் அகலமான அறை இருக்காது. தோட்டாவின் அடியில் குத்தும் ஊசியும் இருக்காது. அறையோ, ஊசியோ, வெடிமருந்தைப் பற்றவைக்கும் சுத்தியோ கண்ணில் பட்டால் அது துப்பாக்கி. அதை அப்படியே வைத்துவிடுங்கள்.

"நூறு வருஷப் பழசு, வேலை செய்யாது, அதனால் லைசென்ஸ் தேவையில்லை" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழமையான, பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. அதாவது நீங்கள் மீட்டெடுக்க முடிகிற துப்பாக்கி, அந்தக் காரணத்தாலேயே சட்டத்துக்குள் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் அப்படி ஒன்று வீட்டில் கிடைத்தால் வழக்கறிஞரைக் கேட்டு, காவல் நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லி, முறைப்படி ஒப்படையுங்கள். கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போகாதீர்கள்.

ஏர் ஆயுதங்களுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வைக்கும் கோடு இரண்டு: 4.5 மி.மீ. துளை, 20 ஜூல் ஆற்றல். இவற்றைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். பழைய ஸ்பிரிங் பிஸ்டல் இதற்கு மிகவும் கீழே நிற்கிறது. அரை கிராம் பெல்லட் (ஈயக் குண்டு) நொடிக்கு 110 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் சுமார் 3 ஜூல்தான். ஆனால் 5.5 மி.மீ. துளை கொண்ட பழைய பிஸ்டல்களும் உண்டு. அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பில் இல்லாத பொருள் என்றால் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதி, பொருளைக் கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வெளியே கொண்டுபோகும்போது பெட்டிக்குள் வையுங்கள். எதிரே வருபவருக்கு அது ஏர் பிஸ்டல் என்று தெரியாது.

2. தொடங்குமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

பாதி வேலையில் கடைக்கு ஓடுபவர்தான் பாகங்களைத் தொலைக்கிறார். எல்லாவற்றையும் முதலில் சேர்த்துவிடுங்கள். எஸ்.பி. ரோட்டிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் ஒரே சுற்றில் பெரும்பாலானவை கிடைத்துவிடும்.

ஸ்க்ரூடிரைவர்தான் முதல் செலவு. வீட்டில் இருப்பதன் முனை ஆப்பு போலச் சரிந்திருக்கும். அதைத் திருகினால் காடியிலிருந்து மேலே ஏறி விளிம்பைக் கிழிக்கும். முனை காடியின் அடிவரை இணையாக இறங்க வேண்டும், காடியின் முழு நீளத்தையும் நிரப்ப வேண்டும். இரண்டு மூன்று மலிவு ஸ்க்ரூடிரைவர்களை வாங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஏற்றபடி முனையை அரத்தால் இணையாக ராவிக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

பின்களைத் தட்ட 2, 3, 4 மி.மீ. பஞ்ச், பித்தளை அல்லது நைலான் தலை கொண்ட சின்னச் சுத்தியல், தாடைகளுக்கு மரப்பலகை வைத்த பெஞ்ச் வைஸ் வேண்டும். ஸ்பிரிங்கை அடக்கி இறக்கத் தச்சர்கள் பலகை ஒட்டும் நீளமான பார் கிளாம்ப். கண்ணாடிக்கும் கையுறைக்கும் விலக்கு கிடையாது.

தேய்க்க நாலு சைபர் (0000, மிக நைசான ரகம்) ஸ்டீல் வுல், நைலான் பிரஷ். கழுவ பெயிண்ட் கடை டர்பன்டைன். ஊறவைக்க நல்ல பெனட்ரேட்டிங் ஆயில். தடவ மாலிப்டினம் கிரீஸ், சிலிக்கான் ஆயில், மெஷின் ஆயில். தோலுக்குச் சேணச் சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர்.

எமரி பேப்பர், பஃபிங் சக்கரம், டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ் மூன்றையும் மேஜையில் வைக்காதீர்கள். பக்கத்தில் இருந்தால் கை அதை நோக்கித்தான் போகும்.

3. முதல் மாலை பார்ப்பதற்கு மட்டும்

எட்டுக் கோணங்களில் படம் எடுங்கள். எழுத்துகள், வரிசை எண், ஸ்க்ரூக் காடிகள் நிற்கும் திசை எல்லாம் தெரிய வேண்டும். பிறகு பாரலின் முன்வாயிலிருந்து ஒரு மெல்லிய மரக்குச்சியை மெதுவாக விட்டு, பாரலில் பெல்லட் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முப்பது வருடமாகச் சிக்கிக் கிடந்த ஈயத்தை நான் எடுத்திருக்கிறேன்.

அடுத்து ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாரலை முறிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் முழுவதும் வந்துவிட்டால் இரண்டில் ஒன்று: ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது ஏற்கெனவே ஏறி நிற்கிறது. ஏறி நிற்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாரலை முழுத் திறப்பில் வலுவாகப் பிடித்தபடி ட்ரிகரை அழுத்தி, பாரலைக் கைக்கட்டுப்பாட்டில் மெல்லத் திரும்ப விட்டால் ஸ்பிரிங் இறங்கும். விரல் எக்காரணம் கொண்டும் பாரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே போகக் கூடாது. பழைய ட்ரிகர் பிடி (ஏற்றிய ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) வழுக்கினால் பாரல் கத்தரி போல மூடும்.

வேலை செய்கிறதா என்று பார்க்கப் பெல்லட் இல்லாமல் சுட வேண்டாம். முதல்முறை வாங்கியவர்கள் எல்லோரும் செய்வது இது. பெல்லட் பாரலை ஒரு கணம் அடைப்பதால்தான் ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை உருவாகிறது. பெல்லட் இல்லையென்றால் அந்த மெத்தையும் இல்லை. பிஸ்டன் நேராகச் சிலிண்டரின் முன்சுவரில் மோதும். காய்ந்த தோல் வாஷர் அந்த ஒரு அடியிலேயே உதிரும்.

4. ஊறவிடுதல்

ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும், பின் முனையிலும் ஒரு சொட்டு பெனட்ரேட்டிங் ஆயில். மூன்று நாள், காலையும் மாலையும். இடையிடையே ஸ்க்ரூ தலையைப் பித்தளைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அதிர்வில்தான் துருவின் பிடி விட்டு எண்ணெய் மரைக்குள் இறங்கும். மரக் கைப்பிடி என்றால் அதை முதலில் கழற்றிவிடுங்கள். எண்ணெய் குடித்த மரம் கருத்துப்போகும்.

மூன்று நாளிலும் வராத ஸ்க்ரூவை முதலில் கொஞ்சம் இறுக்கும் திசையில் திருகி, பிறகு கழற்றும் திசையில் திருகுங்கள். இறுக்கும் அந்தச் சிறு அசைவு துருவின் பிணைப்பை உடைக்கும். அப்படியும் வராவிட்டால் இன்னும் ஒரு வாரம் ஊறட்டும். மர்பி டவுனிலிருந்து வந்த தம்பி ஒருவர், "அண்ணா, டிரில் போட்டு எடுத்துடவா?" என்று இரண்டாம் நாளே கேட்டார். எட்டாம் நாள் அந்த ஸ்க்ரூ இரண்டு விரலில் வந்தது. பழைய பிரிட்டிஷ் பிஸ்டலின் மரை பெரும்பாலும் மெட்ரிக் அல்ல. ஸ்க்ரூவைக் கெடுத்தால் அதே மரையில் லேத்தில் கடைந்துதான் ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் மெட்ரிக் ஸ்க்ரூவைத் திணித்தால் உடலின் மரையும் போய்விடும்.

5. பிரித்தல்

உண்மையான ஆபத்து இருக்கும் கட்டம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

ஓய்வில் இருக்கும்போதும் ஸ்பிரிங் சில சென்டிமீட்டர் அழுந்தியபடியே சிலிண்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தடுத்து நிற்பது சிலிண்டரின் பின்முனையை அடைக்கும் பின்பக்கக் கட்டையும் ஓரிரு பின்களும்தான். பின்னைத் தட்டியவுடன் அந்தக் கட்டை தெறித்துப் பறக்கும். மேஜைக்கு எதிர்ச்சுவரில் குழி விழுந்த பட்டறையை நான் பார்த்திருக்கிறேன். சுவருக்கு முன்னால் முகம் இல்லாதது நல்லகாலம்.

பார் கிளாம்பின் ஒரு தாடையில் மரக்கட்டை வைத்து அதில் சிலிண்டரின் முன்முனையையும், மறு தாடையில் துளையிட்ட கட்டை வைத்துப் பின்பக்கக் கட்டையையும் நிறுத்துங்கள். கிளாம்பைக் கால் சுற்று இறுக்குங்கள். பின்மேல் இருந்த சுமை நீங்கியவுடன் அது பஞ்சின் லேசான தட்டுக்கே நகரும். சுத்தியலை ஓங்க வேண்டியிருந்தால் சுமை இன்னும் பின்மேல்தான் இருக்கிறது. பின்னை எடுத்த பிறகு கிளாம்பை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்து, கட்டை தானாக ஆடும்வரை கையை எடுக்காதீர்கள். முகம் எப்போதும் பக்கவாட்டில்.

பின் எந்தப் பக்கத்திலிருந்து வெளியே வந்தது என்று குறியுங்கள். சில பின்கள் ஒரு முனையில் பருத்திருக்கும். அவற்றை மறுதிசையில் அடித்தால் துளை பெருத்து, பிறகு எந்தப் பின்னும் நிற்காது.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வெள்ளைத் துணியில் வையுங்கள். ட்ரிகர் தொகுதியைப் பிரிக்குமுன் அதை மட்டும் தனியாக நாலு படம் எடுங்கள். அதிலுள்ள சின்ன ஸ்பிரிங்கின் கால் எந்தக் காடியில் நின்றது என்று எல்லோரும் மறக்கிறோம். என் முதல் பிஸ்டலில் அந்த ஒரு ஸ்பிரிங்குக்காக இரண்டு வாரம் போனது.

6. கழுவுதல், அளத்தல்

பாகங்களை டர்பன்டைனில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் கழுவுங்கள். வேலை செய்யும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு எரியக் கூடாது. சிலிண்டர் உட்புறத்தில் கறுப்புப் பிசின் போல ஒட்டியிருப்பது பழைய எண்ணெயும் தோல்தூளும். குச்சியில் துணி சுற்றி, துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள்.

பாரலைப் பின்வாயிலிருந்து வாய்நோக்கி மட்டும் சுத்தம் செய்யுங்கள். தூண்டில் நைலான் இழையில் துணித்துண்டைக் கட்டி இழுத்தால் போதும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். வாயின் விளிம்பில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் பெல்லட்டுக்குப் பின்னால் வரும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளி, குறியைக் கெடுக்கும். துணியில் ஈயக்கறை வரும். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அந்த மேஜையில் டீ டம்ளர் வேண்டாம்.

ஸ்பிரிங்கைக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். நேராக உருண்டால் நல்லது. தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது. வளைந்த ஸ்பிரிங் சிலிண்டரில் உரசி நரநரவென்ற அதிர்வைத் தரும். மாற்ற வேண்டுமென்றால் கம்பியின் பருமன், வெளிவிட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, தளர்ந்த நீளம் நான்கையும் எழுதி, முனைகள் இரண்டையும் தட்டையாகச் சாணை பிடிக்க வேண்டும் என்ற குறிப்போடு பீன்யாவில் ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் கொடுங்கள்.

"கொஞ்சம் பலமான ஸ்பிரிங்காகப் போடலாமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். வேண்டாம். ட்ரிகர் பிடி தேய்ந்த பழைய பொருளில் பலமான ஸ்பிரிங் ஏற்றும்போதே வழுக்கும். சட்டத்தின் கோடும் மனதில் இருக்கட்டும்.

ட்ரிகர் பிடியின் முனையைப் பளபளப்பாக்கவும் கூடாது. அந்தப் பாகங்கள் பெரும்பாலும் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டவை. சாணைக்கல்லால் நாலு இழுப்பு இழுத்தால் கடினத்தோல் போய், உள்ளிருக்கும் மென்மையான இரும்பு வெளிவரும். பிறகு அது ஒருநாள் தானாகச் சுடும். துடையுங்கள், லேசாகக் கிரீஸ் வையுங்கள், அதோடு விடுங்கள்.

7. தோல் வாஷர் செய்தல்

பம்பு ஸ்டவ்வுக்கு வாஷர் மாற்றிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதே கிண்ண வடிவம், அதே வேலை. கிண்ணத்தின் வாய் காற்றை நோக்கி நிற்கும். அழுத்தம் ஏறும்போது காற்றே அதன் உதட்டை விரித்துச் சிலிண்டர் சுவரில் ஒட்டவைக்கும். கிண்ணத்தைத் திருப்பிப் போட்டால் காற்று உதட்டை மடக்கிவிட்டுப் பக்கத்தில் ஓடும். கழற்றும்போதே திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் முக்கியம். செருப்புக் கடையில் கிடைக்கும் மென்மையான குரோம் தோல் அச்சில் நிற்காது. பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் இதற்கு அருமையாக அமைகிறது. பெங்களூரில் கிடைக்காவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஊருக்குப் போகும்போது உள்ளங்கை அளவு துண்டு வாங்கிவந்தால் ஐந்தாறு வாஷருக்கு வரும். 3 மி.மீ. கனம், எங்கும் ஒரே சீராக.

அச்சுக்கு இரண்டு பாகங்கள். சிலிண்டரின் உள்விட்டத்துக்குச் சமமான துளை கொண்ட ஒரு கட்டை, அதற்குள் இறங்கும் ஒரு உருளை. உருளையின் விட்டம், துளையிலிருந்து தோலின் கனத்தை இருமடங்கு கழித்தது. சிலிண்டர் 25 மி.மீ., தோல் 3 மி.மீ. என்றால் 19. அழுத்தும்போது தோல் கொஞ்சம் ஒடுங்கும் என்பதால் நான் 19.5 வைப்பேன். லேத் வைத்திருப்பவரிடம் நைலானிலோ பித்தளையிலோ கடைந்து தரச் சொல்லுங்கள். இரும்பில் வேண்டாம். ஈரமான பட்டைத்தோல் இரும்பைத் தொட்டால் கன்னங்கரேலென்று கறுக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மை ஆகும் அதே விஷயம்தான், கறுத்த இடத்தில் தோலும் நொறுங்கத் தொடங்கும்.

தோலை வட்டமாக, தேவைக்குமேல் பெரிதாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் குமிழி நிற்கும்வரை ஊறவையுங்கள். வழவழப்பான பக்கம் வெளியே வரும்படி அச்சில் வைத்து வைஸில் மெதுவாக அழுத்துங்கள். அவசரப்பட்டால் மடிப்பு விழும், அந்த மடிப்பில் காற்று ஒழுகும். இரண்டு நாள் அச்சிலேயே நிழலில் காயட்டும். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் சுருங்கி விறைத்துப்போகும். மழைக்காலத்தில் மூன்று நாள் கொடுங்கள்.

காய்ந்ததும் உதட்டைப் புது பிளேடால் சீராக வெட்டி, நடுத்துளை போட்டு, நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் எடுத்து, மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். பிஸ்டனில் பூட்டிச் சிலிண்டருக்குள் தள்ளும்போது, காற்றுத்துளையை விரலால் மூடினால் பிஸ்டன் மெத்தைமேல் நிற்பது போல நிற்க வேண்டும். தானாக விழுந்தால் சிறிது, கையால் தள்ளவே முடியாவிட்டால் பெரிது.

பின்வாயில் பாரலும் சிலிண்டரும் சேரும் இடத்தில் ஒரு சின்னத் தோல் வளையமும் உண்டு. அதை மறந்துவிட்டு, புது வாஷர் போட்டும் பலமில்லையே என்று வருபவர்கள் நிறைய. அதே தோலில் இரண்டு பஞ்ச் கொண்டு வளையம் வெட்டி, பாரல் முகத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும்படி வையுங்கள். மூடும்போது அது நசுங்கினால்தான் அடைக்கும்.

8. துருவை எடுத்தல்

எல்லோரும் முதலில் செய்ய நினைக்கும் வேலை எட்டாவதாக வருகிறது. காற்று பிடிக்காத பிஸ்டலின் உடலை அழகாக்கி, பிறகு பிரித்துச் சேர்க்கும்போது கீறுவதில் பயனில்லை.

எவ்வளவு எடுப்பது? செந்துரு மட்டும் போக வேண்டும். அதன் கீழே இருக்கும் கரும்பழுப்பு நிறம் இரும்பின் வயது, அது நிற்கட்டும். எமரி போட்டால் விளிம்புகள் உருண்டு, எழுத்துகள் மழுங்கும். உலோகத்தைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது.

கொதிக்கவைப்பதுதான் நான் சொல்லும் வழி. செந்துருவை டிஸ்டில்டு வாட்டரில் கொதிக்கவைத்தால் அது கருநிற ஆக்சைடாக மாறும். அது இரும்போடு ஒட்டி நின்று மேற்கொண்டு துரு பரவுவதைத் தணிக்கும். பாரல், சிலிண்டர் போன்ற வெறும் இரும்புப் பாகங்கள் மட்டும். தோல், மரம், பிளாஸ்டிக் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. நிக்கல் பூசியது என்றால் இந்த வழியே வேண்டாம். எண்ணெயும் சோப்பும் கலந்து துடைத்துவிடுங்கள். அமோனியா கலந்த பித்தளை பாலிஷ் நிக்கலின் அடியிலுள்ள செம்பை அரிக்கும்.

பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப் பசை முழுவதும் போக்குங்கள். எண்ணெய் இருந்த இடம் திட்டாக நிற்கும். அதன்பிறகு வெறும் கையால் தொடாமல் கையுறையோடு மட்டும். ஸ்டெயின்லெஸ் பாத்திரத்தில் தொங்கவிட்டு இருபது நிமிடம் கொதிக்கட்டும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் ஐந்து நிமிடம் கூட்டியே வைக்கிறேன். குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம், உப்பு படிந்து வெள்ளைத் திட்டு விழும். அந்தப் பாத்திரம் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது, ஈயம் கலந்திருக்கும்.

வெளியே எடுத்தால் சிவப்பு மறைந்து வெல்வெட் போலக் கறுப்புத் தூள் நிற்கும். அசிட்டோனில் கழுவிக் காயவைத்த நாலு சைபர் ஸ்டீல் வுல்லால், விரலின் எடை மட்டும் கொடுத்துத் துடையுங்கள். தூள் போய் அடியில் நீலக்கறுப்பு தெரியும். இன்னும் சிவப்பு இருந்தால் மறுபடி கொதி. இரண்டு மூன்று முறையில் முடியும். கடைசியில் சூடாக இருக்கும்போதே உள்ளும் புறமும் மெஷின் ஆயில் பூசி, ஓர் இரவு விடுங்கள். சிலிண்டர் உட்புறத்தில் ஈரம் நிற்காமல் ஹேர் டிரையரால் ஊதிக் காயவைத்த பிறகே எண்ணெய், சேர்க்குமுன் உள்ளிருக்கும் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்து எடுத்துவிடுங்கள்.

பாட்டிலில் வரும் குளிர்ப் பூச்சு வேகமானது. ஆனால் பலவற்றில் செலீனியம் சேர்மம் இருக்கிறது, அது நஞ்சு. பூசிய இடமும் சில மாதத்தில் பழுப்பாகிவிடுகிறது. வெள்ளையாகத் தெரியும் ஒரு ஸ்க்ரூ தலைக்கு மட்டும் நான் தொடுவேன்.

9. கைப்பிடி

மரம் என்றால் சோப்பு நுரையில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கை எடுத்து, ஒருநாள் காயவைத்து, ஆளிவிதை எண்ணெயை விரலால் மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். நாளுக்கு ஒரு பூச்சு, நாலு நாள். செதுக்குக் கோடுகளில் பழைய பல்துலக்கும் பிரஷ். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். காயும்போது அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துப் போட்டுக் காயவைத்த பிறகே குப்பைக்கு.

பேக்கலைட் கைப்பிடிக்குச் சோப்புத் துணியும் கார் பாலிஷும் போதும்.

10. எண்ணெய் எங்கே, எது, எவ்வளவு

சிலிண்டரின் முன்பகுதியில், அதாவது வாஷருக்கும் காற்றுத்துளைக்கும் நடுவே, மெஷின் ஆயில், தேங்காய் எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் போகக் கூடாது. பிஸ்டன் பாயும்போது காற்று ஒரு நொடியின் சிறு பங்கில் நசுங்கிச் சூடாகிறது. டீசல் எஞ்சினில் நடப்பதே இங்கும் நடந்து எண்ணெய் பற்றும். வெடிச்சத்தமும் புகையும் வந்து, பிஸ்டல் பலமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். அந்தச் சத்தத்தில் வாஷர் கருகி, ஸ்பிரிங் நொறுங்குகிறது. தோலுக்கு எப்போதாவது தேவைப்பட்டால் காற்றுத்துளை வழியே ஒரே ஒரு சொட்டு சிலிக்கான் ஆயில்.

சிலிக்கான் ஆயில் இரும்பு இரும்போடு உரசும் இடத்தைக் காக்காது. பிஸ்டனின் பின்விளிம்பிலும், ஸ்பிரிங்கின் மேலும், பாரல் கீலிலும் மாலிப்டினம் கிரீஸ். விரலில் தொட்டுத் தடவினால் சாம்பல்நிறப் படலம் தெரிய வேண்டும், கட்டியாக நிற்கக் கூடாது.

11. சேர்த்தல், சோதித்தல்

படங்களைப் பின்னிலிருந்து முன்னாகப் பார்த்துச் சேருங்கள். வாஷர் சிலிண்டருக்குள் நுழையும்போது ட்ரிகருக்காக வெட்டிய காடியின் விளிம்பு உதட்டைக் கிழிக்கப் பார்க்கும். மழுங்கிய ஐஸ்கிரீம் குச்சியால் உதட்டை உள்ளே ஒதுக்கிக்கொண்டு திருகித் திருகித் தள்ளுங்கள். இங்கே அவசரப்பட்டுத்தான் இரண்டு நாள் செய்த வாஷரை ஐந்து நொடியில் கிழிக்கிறார்கள். மறுபடி கிளாம்ப், மறுபடி கண்ணாடி.

ஏற்றிய நிலையில் ட்ரிகர் பிடி நிற்கிறதா என்று முதலில் சோதியுங்கள். பாரலை ஏற்றி, கையை எடுக்காமலே லேசாக அசைத்துப் பாருங்கள். வழுக்கினால் சுட வேண்டாம், பிரித்துப் பாருங்கள்.

குறிக்குப் பின்னால் பழைய செய்தித்தாள்களை இறுக்கி அடைத்த மரப்பெட்டி, குறைந்தது ஓரடி ஆழம். இரும்புத் தகடோ கல்சுவரோ நேராக எதிரே இருந்தால் ஈயம் திரும்பி வரும். மொட்டைமாடியிலும் பால்கனியிலும் வேண்டாம். நான்கு பக்கமும் மூடிய அறை, கதவுக்கு உள்ளே யாரும் நுழையாதபடி தாழ்ப்பாள். புறா, காகம், நாய் பக்கம் திருப்பவே கூடாது, அது கொடுமை, குற்றமும்கூட.

முதல் பத்துச் சுடுதலில் லேசான புகையும் தோல் வாடையும் வரும். அதற்குப் பிறகும் புகைந்தால் எண்ணெய் அதிகம். வாஷர் சிலிண்டருக்குப் பழக ஐம்பது பெல்லட்டாவது ஆகும். பின்வாய் மூட்டின் மேல் ஒரு மெல்லிய டிஷ்யூ கீற்றை வைத்துச் சுடுங்கள். கீற்று துள்ளினால் வளையம் ஒழுகுகிறது, அசையாமல் இருந்தால் அடைப்பு நன்றாக இருக்கிறது.

12. வைப்பு

ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள். தோல் உறையிலும் வைக்காதீர்கள், பதனிட்ட தோலின் அமிலமும் அது இழுத்து வைக்கும் ஈரமும் சேர்ந்து புதுத் துருவைக் கொண்டுவரும். மெஷின் ஆயில் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள், பெல்லட் டப்பா வேறு அலமாரியில். ஜூன் முதல் அக்டோபர் வரை மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, கைரேகை பட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி, பத்துப் பெல்லட் சுட்டு, டிஷ்யூ கீற்றைத் திரும்ப வைத்துப் பாருங்கள். கீற்று துள்ளத் தொடங்கிய மாதத்தில் பின்வாய் வளையத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றதைப் பிரிக்க வேண்டியதில்லை.